ரிப்போர்ட்டில் டி-ரெக் 3.8%: குடல் அழற்சி நோயில் இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பிறகு வந்து படிப்பவர்களுக்கும் புரியட்டும். உங்கள் தம்பிக்கு 26 வயது, இரண்டு வருடமாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் புண் வரும் குடல் அழற்சி நோய்), அதற்கு மெசலமைனும் அசாதியோபிரினும் சாப்பிடுகிறார். யாரோ சொன்னார்கள் என்று ஒரு லேபில் 'இம்யூன் பேனல்' எடுத்திருக்கிறீர்கள். அதில் ரெகுலேட்டரி டி செல்கள், சுருக்கமாக டி-ரெக், அதாவது மற்ற நோய் எதிர்ப்புச் செல்களை அடக்கி வைக்கும் செல்கள், 3.8%, இயல்பு அளவு 5 முதல் 10 என்று வந்து, பக்கத்தில் சிவப்பில் கீழ்நோக்கிய அம்புக்குறியும் இருக்கிறது. நோயை அடக்கி வைக்கும் செல்லே குறைந்துவிட்டதா, சப்ளிமென்ட் கொடுத்து ஏற்ற வேண்டுமா, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

மூன்றுக்கும் பதில் ஒன்றுதான்: இல்லை. அந்த ஒரு எண்ணை வைத்து மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஃப்ளோ சைட்டோமெட்ரி லேபில் இந்தச் செல்களை எண்ணுவதே பல வருடமாக என் வேலை. அதனால்தான் சொல்கிறேன், 3.8 என்பது பொய் இல்லை, ஆனால் நீங்கள் கேட்கும் கேள்விக்கு அது பதிலும் இல்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தச் செல்களுக்கும் குடலுக்கும் சம்பந்தம் உண்டா என்றால், நிச்சயம் உண்டு. அதில் சந்தேகமே வேண்டாம். 1990களின் தொடக்கத்தில் ஃபியோனா பவ்ரி குழு, டி, பி என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் இல்லாத எலிகளுக்கு ஒரு வகை டி செல்லை மட்டும் கொடுத்தது. எலிகளுக்குப் பெருங்குடல் புண்ணாகிப் போனது. இன்னொரு வகை டி செல்லையும் சேர்த்துக் கொடுத்தபோது அந்தப் புண் வரவில்லை. 1995ல் ஜப்பானில் ஷிமோன் சகாகுச்சி, சிடி4 என்ற வகை டி செல்களில் சிடி25 என்ற புரதத்தைச் சுமக்கும் சிறு கூட்டம்தான் இந்த அடக்கும் வேலையைச் செய்கிறது என்று காட்டினார். 2001ல் மேரி பிரங்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும் ஃபாக்ஸ்பி3 மரபணுவைப் பிடித்தார்கள், 2003ல் அதுவே இந்தச் செல்களின் அடையாளம் என்று ஆனது. சகாகுச்சி, பிரங்கோ, ராம்ஸ்டெல் மூவருக்கும்தான் 2025ல் மருத்துவ நோபல் கிடைத்தது. அந்த மரபணு பழுதாகிப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கு ஐபெக்ஸ் என்ற நோய் வருகிறது. பிறந்த கொஞ்ச நாளிலேயே நிற்காத வயிற்றுப்போக்கு, கூடவே சர்க்கரை நோய், தோலில் அரிப்பும் படையும். புற்றுநோய்க்குக் கொடுக்கும் இப்பிலிமுமாப் போன்ற மருந்துகள் சிடிஎல்ஏ-4 என்ற புரதத்தைத் தடுக்கின்றன, டி-ரெக் செல்கள் தங்கள் வேலைக்கு வெகுவாக நம்பியிருப்பது அந்தப் புரதத்தைத்தான். அந்த மருந்து எடுப்பவர்களில் கணிசமான பேருக்குக் குடல் அழற்சி வருவது எல்லோரும் அறிந்த பக்கவிளைவு.

இவ்வளவையும் படித்தால் யாருக்கும் தோன்றுவதுதான்: டி-ரெக் குறைந்தால் குடல் கெடும், அப்படியானால் குடல் கெட்டவர்களுக்கு டி-ரெக் குறைவாக இருக்கும். முதல் பாதி சரி. இரண்டாம் பாதியைத்தான் மனிதர்களில் அளந்து பார்த்தபோது கதை வேறு மாதிரி போனது.

2005ல் ஜெர்மனியிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. குடல் அழற்சி நோயாளிகளின் ரத்தத்தையும் குடல் சதையையும் ஒன்றாகப் பார்த்தார்கள். நோய் தீவிரமாக இருக்கும்போது ரத்தத்தில் டி-ரெக் குறைகிறது, நோய் அடங்கியிருக்கும்போது ஏறுகிறது. சரி, எதிர்பார்த்ததுதான். ஆனால் அதே நோயாளிகளின் குடல் சதையில் எண்ணினால் அங்கே கூடியிருக்கிறது! வீக்கம் உள்ள இடத்தில் இந்தச் செல்கள் இல்லாமல் இல்லை, ஆரோக்கியமான குடலில் இருப்பதை விட அதிகமாகவே இருக்கின்றன. அப்புறம் அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள், என் பார்வையில் அந்த ஆய்விலேயே புத்திசாலித்தனமான காரியம் அதுதான். டைவர்ட்டிகுலைட்டிஸ், அதாவது பெருங்குடலில் பைபோல் பிதுங்கிய இடத்தில் வரும் சாதாரண அழற்சி, அது உள்ளவர்களோடும் ஒப்பிட்டார்கள். அவர்களுக்குக் குடலில் டி-ரெக் இன்னும் நன்றாகவே ஏறியிருந்தது. ஆக, குடல் அழற்சி நோயில் ஏற்றம் உண்டு, அந்த அளவு வீக்கத்துக்கு ஏற வேண்டிய அளவுக்கு ஏறவில்லை. 'குறைவு' என்ற சொல்லுக்கு இங்கே அர்த்தம் இதுதான். அந்தச் செல்களை வெளியே எடுத்துச் சோதித்தபோது அடக்கும் திறனும் கெட்டுப்போகவில்லை.

ரத்தத்தில் குறைவதைத் தீமை என்று எடுத்துக்கொள்வதில் உள்ள சிக்கல் இப்போது தெரியும். ஊரில் தேர்த் திருவிழா அன்று போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் ஆட்களை எண்ணிவிட்டு, இந்த ஊரில் போலீஸே இல்லை என்று எழுதினால் எப்படி? எல்லோரும் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார்கள். உடம்பின் மொத்த லிம்போசைட்டுகளில் (டி செல்களும் அடங்கிய வெள்ளணு வகை) ரத்தத்தில் ஓடுவது சுமார் 2%தான். மற்றவை நிணநீர்க் கணுக்களிலும் மண்ணீரலிலும் குடலிலும் இருக்கின்றன. கையில் ஊசி போட்டு எடுத்த ரத்தம் இந்த 2% பற்றித்தான் பேசும்.

இதற்கு மேலும் ஒரு சங்கதி உண்டு. அடக்கும் செல் சரியாக இருந்தாலும், அடங்க வேண்டிய செல் கேட்க மறுத்தால்? குடல் அழற்சி நோயில் புண்ணான இடத்து டி செல்களில் ஸ்மாட்7 என்ற புரதம் கூடிவிடுகிறது, டிஜிஎஃப்-பீட்டா என்ற அடக்கும் சமிக்ஞை உள்ளே போகாமல் அது தடுக்கிறது என்று இத்தாலியக் குழு ஒன்று 2001லிருந்தே காட்டி வந்தது. அந்த ஸ்மாட்7ஐக் குறைக்க மாங்கர்சன் என்ற மருந்து வந்து, 2015ல் இரண்டாம் கட்ட முடிவு அட்டகாசமாக இருந்து, 2017ல் மூன்றாம் கட்டத்தில் பலனில்லை என்று பாதியில் நிறுத்தப்பட்டது தனிச் சோகம். மருந்து தோற்றதால் கருத்தே தவறு என்று ஆகிவிடாது. ஆனால் இந்த நோயில் ஒரே ஒரு திருகைத் திருகினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நான் கொஞ்சம் தள்ளியே நிற்பேன்.

சரி, இப்போது அந்த 3.8 எப்படி வந்தது என்று பார்ப்போம். உண்மையான கூத்து இங்கேதான்.

ரத்தத்தில் உள்ள செல்களுக்கு ஒளிரும் சாயம் கட்டிய ஆன்டிபாடிகளைப் போட்டு, ஒவ்வொரு செல்லாக லேசர் முன் ஓடவிடுவது ஃப்ளோ சைட்டோமெட்ரி. ஒவ்வொரு செல்லும் திரையில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கூட்டத்தில் எங்கே கோடு போட்டு 'இதற்கு மேல் டி-ரெக்' என்று சொல்வது என்பதை, பெரும்பாலும், ஒரு மனிதர் முடிவு செய்கிறார். அதைத்தான் கேட் போடுவது என்போம். எலியில் சிடி25 உள்ள கூட்டம் ஓரளவு தனியாகவே நிற்கும், கோடு போடுவது சுலபம். மனிதரில் அப்படி இல்லை, சிடி25 கொஞ்சம் உள்ளது, நடுத்தரமாக உள்ளது, நிறைய உள்ளது என்று ஒரே இழுவையாகப் போகும். சாதாரண டி செல் ஏதாவது ஒரு தொற்றைக் கண்டு விழித்துக்கொண்டாலே அதன் மேலும் சிடி25 ஏறிவிடும். குடல் அழற்சி நோயாளிக்கு விழித்துக்கொண்ட செல்களுக்கா பஞ்சம்? ஆரோக்கியமானவரிடம் ஒழுங்காக வேலை செய்யும் கோடு, யாருக்கு இந்தப் பரிசோதனை தேவையோ அவரிடமே தடுமாறும்.

2006ல் இதற்கு ஒரு நல்ல வழி கிடைத்தது: டி-ரெக் செல்லில் சிடி25 அதிகம், ஆனால் சிடி127 என்ற இன்னொரு புரதம் குறைவு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கூட்டம் ஓரளவு பிரியும். இன்று நல்ல லேப்கள் எல்லாமே குறைந்தது இதையாவது செய்யும். உங்கள் ரிப்போர்ட்டில் 'சிடி4+ சிடி25+' என்று மட்டும் எழுதியிருந்தால், சிடி127 பற்றிப் பேச்சே இல்லை என்றால், அந்த எண்ணில் விழித்துக்கொண்ட சாதாரணச் செல்களும் கலந்திருக்கலாம்.

அப்படியானால் ஃபாக்ஸ்பி3ஐயே நேராகப் பார்த்துவிட்டால் என்ன? பார்க்கலாம், ஆனால் அது செல்லின் நியூக்ளியசுக்குள் இருக்கிறது. செல்லை ரசாயனத்தில் நிலைப்படுத்தி, துளை போட்டு, உள்ளே ஆன்டிபாடியை அனுப்ப வேண்டும். எந்த நிறுவனத்தின் கிட், எந்த ஆன்டிபாடி குளோன் என்பதைப் பொறுத்து எண் மாறும். ரத்தத்தை அன்றே செய்தோமா, உறைய வைத்துப் பிறகு எடுத்தோமா என்பதைப் பொறுத்தும் மாறும், உறைய வைத்தால் பொதுவாகக் குறைகிறது. இத்தனையும் சரியாகச் செய்தாலும் மனிதரில் இன்னொரு தலைவலி இருக்கிறது, சாதாரண டி செல்லும் விழித்துக்கொண்டால் கொஞ்ச நேரத்துக்கு ஃபாக்ஸ்பி3ஐக் காட்டும். 2009ல் சகாகுச்சியின் குழுவே இதைப் பிரித்துக் காட்டியது. சிடி45ஆர்ஏ என்ற இன்னொரு அடையாளத்தையும் சேர்த்தால் ஃபாக்ஸ்பி3 உள்ள செல்கள் மூன்றாகப் பிரிகின்றன: ஓய்வில் இருக்கும் டி-ரெக், வேலையில் இறங்கிய டி-ரெக், மூன்றாவதாக ஃபாக்ஸ்பி3 கொஞ்சம் இருந்தும் எதையும் அடக்காமல் அழற்சிப் பொருள்களைச் சுரக்கும் கூட்டம். மூன்றையும் கூட்டி ஒரே சதவீதமாகக் கொடுத்தால், தீயணைப்பவனும் தீ வைப்பவனும் ஒரே கணக்கில் வந்துவிடுகிறார்கள். குடலில் இது இன்னும் மோசம், ஃபாக்ஸ்பி3ஐயும், அழற்சியைத் தூண்டும் ஐஎல்-17ஐயும் ஒருசேரக் காட்டும் செல்களை, குடல் அழற்சி நோயின் இன்னொரு வகையான க்ரோன்ஸ் நோயாளிகளின் குடலில் பார்த்திருக்கிறார்கள்.

அடுத்தது, சதவீதம் எதில் என்ற கேள்வி. சிடி4 செல்களில் 3.8ஆ, மொத்த லிம்போசைட்டில் 3.8ஆ? இரண்டும் வேறு வேறு. ரிப்போர்ட்டில் எங்காவது சின்ன எழுத்தில் இருக்கும், பாருங்கள். உங்கள் தம்பி விஷயத்தில் இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் அசாதியோபிரின் லிம்போசைட்டுகளைக் குறைக்கும் மருந்து. ஒரு உதாரணக் கணக்குப் போடுகிறேன். மருந்துக்கு முன் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 900 சிடி4 செல், அதில் 5% டி-ரெக் என்றால் 45 செல். மருந்துக்குப் பின் சிடி4 400 ஆகிவிட்டது, டி-ரெக் 8% என்று வந்தது என்றால் 32 செல். சதவீதம் ஏறிவிட்டது என்று சந்தோஷப்படுவீர்கள், செல்கள் குறைந்திருக்கின்றன. இதைத் தவிர்க்கத்தான் குழாயில் எண்ணிக்கை தெரிந்த மணிகளைப் போட்டு, ஒரு மைக்ரோலிட்டருக்கு எத்தனை என்று நேராக எண்ணுவோம். சதவீதம் மட்டும் கொடுத்திருக்கும் ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்தான்.

'குடலில்தானே நோய், அங்கேயே அளந்துவிடலாமே' என்று நீங்கள் கேட்கலாம். ஆராய்ச்சியில் அப்படித்தான் செய்கிறார்கள், அதற்கும் விலை உண்டு. கொலோனோஸ்கோபியில் எடுக்கும் பயாப்ஸி துண்டு சில மில்லிகிராம்தான். குடலின் மேல்படலத்தை ரசாயனத்தில் கழற்றி, மிச்சத்தை என்சைமில் கரைத்து, செல்களை வெளியே எடுக்க வேண்டும். சில என்சைம்கள் செல் மேல் உள்ள அடையாளப் புரதங்களையே வெட்டிவிடும், பிறகு எதை வைத்து எண்ணுவது? கையில் மிஞ்சுவது சில ஆயிரம் லிம்போசைட்டுகள், அதில் டி-ரெக் சில நூறு, அதற்குள் ஒரு உட்பிரிவைப் பார்க்க நினைத்தால் சில பத்துகள். 40 செல் எண்ணினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறெதுவும் மாறாமல் தற்செயலாக மட்டுமே அது அடுத்த முறை 28 ஆகவோ 52 ஆகவோ வரலாம். '30% கூடியது' என்று எழுதும்போது இது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. புண்ணான இடத்தில் கிள்ளினார்களா, இரண்டு அங்குலம் தள்ளி நன்றாக இருக்கும் இடத்தில் கிள்ளினார்களா என்பதும் எண்ணை அடியோடு மாற்றும். செல்லைப் பிரிக்காமல் ஸ்லைடில் சாயம் போட்டு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை என்று எண்ணும் பழைய முறையும் உண்டு. இடம் தெரியும், அது பெரிய லாபம். ஆனால் வீங்கிய சதையில் எல்லாச் செல்லுமே கூடியிருக்கும் என்பதால், டி-ரெக் கூடியதை மட்டும் தனியாகச் சொன்னால் பயனில்லை, மற்ற டி செல்களோடு விகிதமாகப் பார்க்க வேண்டும்.

எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தது டிஎன்ஏ முறை. உண்மையான டி-ரெக் செல்லில் ஃபாக்ஸ்பி3 மரபணுவின் ஒரு குறிப்பிட்ட பகுதியில் மெத்தில் குழுக்கள் நீங்கியிருக்கும். தற்காலிகமாக ஃபாக்ஸ்பி3 காட்டும் சாதாரணச் செல்லில் அவை நீங்காது. 2007ல் பெர்லினிலிருந்து வந்த கண்டுபிடிப்பு இது. கோடு போடும் வம்பு இல்லை, உறைய வைத்த ரத்தத்திலும் செய்யலாம், பல ஊர் மருத்துவமனைகளிலிருந்து மாதிரி வரும் ஆய்வுகளுக்கு மிகவும் வசதி. ஒரே ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது: அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்களுக்கு இரண்டு எக்ஸ், அதில் ஒன்று ஒவ்வொரு செல்லிலும் அணைந்து மெத்திலோடு இருக்கும், ஆகவே பெண்களின் முடிவை இரண்டால் பெருக்க வேண்டும். பெருக்கவில்லையென்றால் பெண்களுக்கெல்லாம் டி-ரெக் பாதிதான் என்ற அபத்தமான முடிவு வரும். இந்த முறையும் எத்தனை செல் என்றுதான் சொல்லும், எப்படி வேலை செய்கிறது என்று சொல்லாது.

வேலையைப் பார்க்க வேண்டுமானால் டி-ரெக் செல்களை உயிரோடு பிரித்து, சாயம் ஏற்றிய மற்ற டி செல்களோடு வெவ்வேறு விகிதத்தில் கலந்து, நாலைந்து நாள் வளர்த்து, எவ்வளவு பெருக்கம் அடங்கியது என்று பார்க்க வேண்டும். உயிரோடு வேண்டும் என்பதால் ஃபாக்ஸ்பி3ஐ வைத்துப் பிரிக்க முடியாது. ரத்தமும் நிறைய வேண்டும், ஏற்கனவே ரத்தசோகையில் இருக்கும் நோயாளியிடம் இதைக் கேட்கவே கூச்சமாக இருக்கும். தட்டில் அடக்கியது குடலுக்குள்ளும் அடக்குமா என்ற கேள்வி அப்போதும் மிச்சம் இருக்கும்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு, பிறகு எதற்குத்தான் இதை அளக்கிறோம்? மருந்துச் சோதனைகளுக்காக. இன்டர்லூகின்-2 என்ற சமிக்ஞைப் புரதத்தைக் குறைந்த அளவில் கொடுத்து டி-ரெக் செல்களைப் பெருக்கும் சிகிச்சையை அல்சரேட்டிவ் கொலைட்டிஸிலும் சோதித்திருக்கிறார்கள். அங்கே ஒரே ஆளின் ரத்தத்தை, ஒரே லேபில், ஒரே முறையில், மருந்துக்கு முன்னும் பின்னும் எண்ணுவது அர்த்தமுள்ள காரியம், மருந்து தன் இலக்கைத் தொட்டதா என்று தெரியும். குடல் ஆறியதா என்பதை அவர்களும் எண்டோஸ்கோபியில்தான் பார்க்கிறார்கள். 2012ல் பிரான்ஸில் 20 க்ரோன்ஸ் நோயாளிகளுக்கு அவரவர் ரத்தத்திலிருந்து வளர்த்த ஒழுங்குபடுத்தும் செல்களையே திருப்பி ஏற்றினார்கள். லண்டன் கிங்ஸ் காலேஜ் குழு, ஓய்வில் இருக்கும் அந்த சிடி45ஆர்ஏ உள்ள கூட்டத்திலிருந்து வளர்த்தால்தான் நிலையான செல்கள் கிடைக்கின்றன என்று 2016ல் காட்டி, அதை வைத்துச் சோதனைக்குப் போனது. இப்படிச் செல்லையே மருந்தாக ஏற்றும்போது எது உண்மையான டி-ரெக் என்பது உயிர் பிரச்சினை, தவறான செல்லைப் பெருக்கி ஏற்றிவிடக் கூடாது.

நம் நாட்டில் முக்கியமான ஒரு பயனையும் சொல்ல வேண்டும். இங்கே க்ரோன்ஸ் நோயையும் குடல் காசநோயையும் பிரிப்பது டாக்டர்களுக்குப் பெரிய தலைவலி, பயாப்ஸியிலும் பல நேரம் பிடிபடாது. காசநோய் உள்ளவருக்குக் க்ரோன்ஸ் மருந்து கொடுத்தால் விபரீதமாகிவிடும். டெல்லி எய்ம்ஸ் குழு 2018ல், ரத்தத்தில் ஃபாக்ஸ்பி3 உள்ள டி செல்கள் குடல் காசநோயில் அதிகம், க்ரோன்ஸில் அதைவிடக் குறைவு என்று காட்டியது. சுவாரசியமான திசைதான். ஆனால் மேலே சொன்ன கேட், குளோன் வம்புகளால், ஒரு லேபின் வெட்டுப்புள்ளியை இன்னொரு லேப் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

தம்பிக்கு என்ன பார்க்க வேண்டும்? மலத்தில் கால்ப்ரொடெக்டின், குடலில் அழற்சி இருந்தால் கூடும் புரதம். ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழ் என்றால் பொதுவாக நிம்மதி, 250ஐத் தாண்டினால் அறிகுறி இல்லாவிட்டாலும் டாக்டரிடம் போங்கள். கூடவே ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி, ஹீமோகுளோபின், ஆல்புமின், டாக்டர் சொல்லும் நேரத்தில் கொலோனோஸ்கோபி. அசாதியோபிரின் எடுப்பதால் வெள்ளணு எண்ணிக்கையும் கல்லீரல் பரிசோதனையும் தவறவே கூடாது. என்யூடிடி15 மரபணுச் சோதனை செய்திருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள், ஆசியர்களில் இந்த மருந்தால் வெள்ளணு திடீரென்று சரிவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். டி-ரெக்கை ஏற்றும் என்று விற்கும் பொடிகள் எதையும் வாங்க வேண்டாம். வைட்டமின் டி குறைவாக இருந்தால் குறைவாக இருப்பதற்காகக் கொடுக்கட்டும், இந்த எண்ணுக்காக வேண்டாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. நோயாளி 26 வயது இளைஞராக இல்லாமல் கைக்குழந்தையாக, அல்லது இரண்டு வயதுக்குள் ஆரம்பித்த கடுமையான குடல் நோயாக இருந்தால் நான் இவ்வளவு நேரம் சொன்னது பொருந்தாது. அங்கே ஃபாக்ஸ்பி3, சிடிஎல்ஏ-4, ஐஎல்-10 ரிசெப்டர் (அழற்சியை அடக்கும் ஐஎல்-10 சமிக்ஞையை வாங்கும் புரதம்) மாதிரி ஒற்றை மரபணுக் கோளாறு இருக்க உண்மையான வாய்ப்பு உண்டு. ஐஎல்-10 ரிசெப்டர் பழுதான குழந்தைகளை எலும்பு மஜ்ஜை மாற்றம் செய்து காப்பாற்ற முடியும் என்பது 2009லிருந்தே தெரியும். அந்தக் குழந்தைகளுக்கு டி-ரெக் எண்ணிக்கையைக் கட்டாயம் பார்க்க வேண்டும், ஆனால் எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று அதோடு விட்டுவிடவும் கூடாது. சில ஐபெக்ஸ் குழந்தைகளுக்கு ஃபாக்ஸ்பி3 புரதம் உருவாகும், செல்லும் எண்ணிக்கையில் நிற்கும், வேலை மட்டும் நடக்காது. மரபணுவைப் படித்துப் பார்த்தால்தான் அது பிடிபடும்.